மொட்டை மாடியில் மிதந்த பார்

கஸ்பாரின் மொட்டை மாடியில் கட்டிய பார் முதல் முறை தரையை விட்டு எழும்பியபோது நங்கூரத் தெருவில் யாரும் அதிகம் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் அன்று சாயங்காலம் கடலில் நீரேற்றம் இருந்தது, ஏற்றத்தில் மிதக்கிற சாமான் மிதக்கத்தான் செய்யும், போதாக்குறைக்கு அதைக் கட்டியவர் தஸ்நேவிஸ் ஓடாவி, தூத்துக்குடியில் தோணி கட்டுகிற அந்த மனிதர் கை வைத்த மரம் எதுவும் மிதக்காமல் போனதாக அந்தத் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. எதிர்வீட்டு பிலோமினா மட்டும், காயப்போட்ட சேலையை எடுக்கத் தன் மாடிக்கு வந்தவள், பார் ஒரு சாண் உயரத்தில் நின்று லேசாக ஆடுவதைப் பார்த்துவிட்டு, "ஏ செலஸ்தீனா, ஒங்க மாடியில ஏத்தம் ஏறுது, தரையில துணிமணி கெடந்தா எடுத்துக்கோ" என்று கஸ்பாரின் பெண்சாதிக்குக் குரல் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

தண்ணீர் எங்கும் இல்லை. மாடியில் பாயில் பரப்பியிருந்த வடகம் காய்ந்தபடியே கிடந்தது, பக்கத்தில் ஒரு காகம் நடந்துகொண்டிருந்தது, பார் மட்டும், மூங்கில் கால்களும் ஓலைக்கூரையும் முன்புறம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் மர முகமுமாக, துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் தோணி எப்படி ஆடுமோ அப்படி ஆடிக்கொண்டிருந்தது, அதற்குள் நின்ற கஸ்பார் கால்களை அகட்டி ஊன்றி ஒரு துளி சிந்தாமல் அன்னாசிச் சாறு ஊற்றிக்கொண்டிருந்தார். கரைக்கு வந்த பிறகு அவர் கை நடுங்காமல் இருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கஸ்பார் தன் ஆயுசில் பெரும்பங்கை உல்லாசக் கப்பல்களில் கழித்தவர். வருஷத்தில் முக்கால்வாசி கடலில் இருப்பார், மிச்சத்துக்கு வீட்டுக்கு வருவார், வரும்போது சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவருவார், வந்த ருசி நாக்கில் தங்குவதற்குள் பெட்டியைக் கட்டுவார். கப்பலின் மேல்தளத்தில் டீக்கி பார் என்று ஒன்று உண்டாம், மூங்கிலும் ஓலையும் வேய்ந்து, எங்கோ தீவுக்காரர்கள் கும்பிடுகிற மர முகங்களைச் சுற்றி நிறுத்தி, தேங்காய்ப் பாலும் பழச்சாறும் ரம்மும் கலந்து, உச்சியில் ஒரு காகிதக் குடையைச் சொருகிக் கொடுப்பார்களாம், அதற்குப் பின்னால்தான் இவர் நின்றார். நின்று நின்று முடி நரைத்தது, கை நடுங்க ஆரம்பித்தது, பானம் ஒரு துரைசாணியின் கவுனில் சிந்தியது. போதும் வீட்டுக்குப் போ என்று கம்பெனி சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்தவர் வீட்டில் இருக்கத் தெரியாமல் இருந்தார். கட்டில் ஆடாததால் தூக்கம் வரவில்லை, நின்றுகொண்டே சாப்பிட்டார், செலஸ்தீனா தட்டை வைப்பதற்கு முன்பே மேசையைத் துடைத்தார், அவள் எழுந்தால் நாற்காலியை இழுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. இத்தனை வருஷமாகப் புருஷனைத் திருவிழா மாதிரி எதிர்பார்த்தே பழகிய செலஸ்தீனாவுக்கு, தினமும் திருவிழாவாக இருந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை, இருந்தாலும் அவளுக்குச் சந்தோஷம்தான், இரண்டு பேருக்கு உலை வைக்கிற சந்தோஷம். அந்தச் சந்தோஷமும் நிலைக்காது போலிருந்தது, ஏனென்றால் மனுஷன் காலையில் சவரம் செய்துகொண்டு ஒவ்வொரு கப்பல் ஏஜெண்டாகப் பார்த்துவர ஆரம்பித்திருந்தார், பார் இல்லாவிட்டால் அடுப்படி, உல்லாசக் கப்பல் இல்லாவிட்டால் சரக்குக் கப்பல், எதுவானாலும் சரி என்று.

செலஸ்தீனா அண்ணனைத் தேடித் தோணிக் கொட்டகைக்கு வந்தாள். தஸ்நேவிஸ் ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான் என்பதால் அவள் முகம் வாடினால் அவருக்கு வேலை ஓடாது.

"அண்ணே, அவிய மறுபடியும் கப்பலுக்கு அலையுதாவ."

"போனா போட்டும்னு விடேன் பிள்ள. பழகுன கால்."

"நீ சொல்லிருவ. வாசல்ல நின்னு கைய ஆட்டி ஆட்டி என் கை ஓஞ்சு போச்சுண்ணே. இன்னொரு தடவ அவியள அனுப்பி வைக்க எனக்குத் தெம்பு இல்ல. அந்தக் கப்பல் பார் மாதிரியே மாடியில ஒண்ணு வேணும்னு கேக்காவ. நீ கட்டிக் குடு. ஊர் என்ன பேசினாலும் பேசிட்டுப் போவுது. அதுக்குள்ள நின்னுக்கிட்டாவது வீட்டுல கெடக்கட்டும்."

தஸ்நேவிஸ் உளியைக் கீழே வைத்தார். அவளை இவ்வளவு கெஞ்சலாக அவர் பார்த்ததில்லை. அவள் புருஷனை வீட்டில் நிறுத்திவைப்பது இனித் தன் பொறுப்பு என்று அந்த நிமிஷமே எடுத்துக்கொண்டார், அதற்குப் பிறகு அவர் செய்த நல்லதும் கெட்டதும் அந்தப் பொறுப்பிலிருந்து வந்தவைதான்.

வேலை ஆரம்பித்தது. கஸ்பார் போனில் படம் காட்டினார், தஸ்நேவிஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார், பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், ஆட்டிவிட்டுத் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். எதைச் செய்யச் சொன்னாலும் முதலில் ஏராவை வைப்பார், ஏரா என்பது தோணியின் அடியில் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை ஓடுகிற முதுகெலும்புக் கட்டை, அது இல்லாமல் ஒரு சாமான் எப்படி நிற்கும் என்பது அவருக்குப் புரியாது. பிலோமினாவுக்கு அவர் செய்துகொடுத்த அலமாரி இன்றைக்கும் சுவரில் சாய்ந்துதான் நிற்கிறது.

"மச்சான், ஒரு மேசை, ஒரு கூரை, பின்னால பாட்டில் வைக்க ஒரு தட்டு, அம்புட்டுத்தான் கேட்டேன்" என்றார் கஸ்பார், மாடியில் பாதி எழும்பி நின்ற விலா எலும்புகளைப் பார்த்து. "இது என்ன, தேங்கா ஏத்திக்கிட்டு மாலத்தீவுக்குப் போறாப்ல இருக்கு?"

"மாப்ள, நீரு ஊத்துற வேலையப் பாரும். கட்டுற வேலைய நான் பாக்கேன்."

"சரி, பலகை இடுக்குல எதுக்குப் பஞ்ச வச்சு அடைக்கீரு?"

"அடைக்காட்டா ஒழுகிரும்லா?"

"எங்கேருந்து ஒழுகும்? மாடியில?"

தஸ்நேவிஸின் கை நிற்கவில்லை. நல்லெண்ணெயில் ஊறிய பஞ்சைப் பலகை இடுக்குகளில் வைத்து அடித்து, குங்கிலியம் பூசி, ஒரு சொட்டு வெளிச்சம்கூட நுழையாதபடி அடைத்து முடித்தார். சாராயம் சிந்தினாலும் கீழே இறங்காது என்று கஸ்பார் சமாதானம் செய்துகொண்டார்.

அந்த நாட்களில் செலஸ்தீனா சந்தோஷமாக இருந்தாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். மாடிக்குத் தேநீர் கொண்டுவருவாள், வந்தவள் போகமாட்டாள், ஓலை முடைவாள், இரண்டு ஆண்களும் சண்டை போடுவதைக் கேட்டுச் சிரிப்பாள். மர முகத்தைச் செதுக்கிய அன்று அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பனந்தடியில் அந்தத் தீவுச் சாமியின் கோபத்தைக் கொண்டுவரச் சொன்னால், அந்தோனியாரையும் சவேரியாரையும் தவிர வேறு முகம் செதுக்கியறியாத தஸ்நேவிஸ், பெரிய பல்லும் சாந்தமான கண்ணுமாக ஒன்றைச் செய்து நிறுத்தியிருந்தார், அது பல் வலியோடு பூசை வைக்க வந்த சாமியார் மாதிரி இருந்தது.

"இது யாருண்ணே?"

"தெரியல பிள்ள. பாக்க நல்லவனாத்தான் தெரியுதான்."

எல்லாம் முடிந்த அன்று மூவருமாக எட்டி நின்று பார்த்தார்கள். அகலமான, கட்டையான ஒரு தோணி, அதற்குள் ஒரு மேசை, மேசைக்கு இந்தப் பக்கம் முக்காலிகள், அந்தப் பக்கம் கஸ்பார், மேலே ஓலைக்கூரை. தஸ்நேவிஸுக்கு மனசு நிறைந்துபோனது. நிறைந்துபோனதால், கட்டி முடித்த ஒவ்வொரு தோணிக்கும் செய்கிற மாதிரி, மரச்சுத்தியலான கொட்டாப்புளியை எடுத்து முன்கட்டையில் மூன்று தட்டுத் தட்டி, "போயிட்டு வா" என்றார். வாயிலிருந்து வார்த்தை விழுந்த பிறகுதான் இது போகக்கூடாதென்று கட்டியது என்பது அவருக்கு உறைத்தது. செலஸ்தீனா அவரைப் பார்த்தாள், அவர் கொட்டாப்புளியைப் பார்த்தார். அன்று சாயங்காலம் ஏற்றம் வந்ததும் பார் எழும்பியது.

அதற்குப் பிறகு அது தெருவோடு தெருவாக ஆகிவிட்டது. ஏற்றத்தில் எழும்பும், வற்றத்தில் தரை தட்டும், தட்டும்போது கீழே சமையலறையில் பாத்திரம் ஒரு தடவை கலகலக்கும். மீன்பிடிக்கப் போகிறவர்கள் கடற்கரைக்குப் போய்க் கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வீட்டு வாசலில் நின்றபடியே கஸ்பாரின் பாரைப் பார்த்தார்கள், அது பேயாட்டம் ஆடினால் வலையை எடுக்கமாட்டார்கள். மின்சார வாரியத்து ஆள் வந்து கம்பியை உயர்த்திக் கட்டிவிட்டுப் போனார். மிதக்கிற எதற்கும் பதிவு எண் வேண்டும் என்று ஒரு அலுவலகத்திலிருந்து இருவர் வந்து, மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு, பக்கவாட்டில் நீலப் பெயிண்டால் எண் எழுதினார்கள், எழுதிவிட்டு ஆளுக்கொரு அன்னாசிச் சாறு குடித்தார்கள், குடித்ததில் ஒருவருக்குக் குமட்டியது. பங்குச் சாமியார் வந்து, மர முகத்தின் முன்னால் யாரோ ஏற்றியிருந்த மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, மற்றபடி தோணிக்கு உண்டான மந்திரிப்பை மனசார மந்திரித்தார். மறுநாள் முகத்தின் முன்னால் ஊதுபத்தி இருந்தது.

முக்கியமாக வந்தவர்கள் கப்பல்காரர்கள். அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு பழைய கப்பல்காரர் உண்டு, இஞ்சின் ரூமில் இருந்தவர், பெயிண்ட் அடித்தவர், சமையல் செய்தவர், எல்லோரும் கரைக்கு வந்து வருஷங்களாகித் தூக்கம் கெட்டவர்கள், வெளியில் சொன்னால் கேவலம் என்று மாத்திரை தின்று படுத்துக்கிடந்தவர்கள். முதலில் ஒருவர் வந்து முக்காலியில் உட்கார்ந்தார், கையில் வாங்கிய பானத்தைக் குடிக்கவில்லை, தலையை மேசையில் வைத்தார், பார் இரண்டு ஆட்டு ஆட்டியது, மனுஷன் தூங்கிப்போனார். அடுத்த நாள் நான்கு பேர் வந்தார்கள். அதற்கப்புறம் தினமும் சாயங்கால ஏற்றத்துக்கு அவர்களுடைய பெண்சாதிகள் தலையணையோடு மாடிப்படி ஏறிவந்து, புருஷன்மாரை முக்காலியில் ஏற்றி உட்காரவைத்து, கன்னத்துக்கடியில் தலையணையைச் செருகிவிட்டு, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து அவர்கள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்படிக் குறட்டை விடுவான் என்று எனக்குத் தெரியவே தெரியாது என்று ஒருத்தி அழுதாள். கல்யாணம் ஆகிப் பேரன் எடுத்தவள் அவள்.

செலஸ்தீனா அந்தப் பெண்களுக்குத் தேநீர் கொடுத்தாள். அவளுடைய புருஷன் தூங்கவில்லை, அவர் வேலையில் இருந்தார். நேராக நின்று, வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் துண்டு மடித்துப் போட்டு, கை நடுங்காமல், தூங்குகிறவர்களுக்கு நடுவே தம்ளர்களைத் துடைத்துக்கொண்டு, கூரைக்கு அப்பால் தெரிகிற கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வற்றம் வந்து பார் தரை தட்டியதும் அவர் கை மறுபடியும் நடுங்கத் தொடங்கும், கீழே வந்து கட்டிலில் கண்ணை மூடிப் படுத்து அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருப்பார்.

நாளாக ஆக அது உயர ஏறியது. முதலில் சாண், பிறகு முழம், பிறகு இடுப்பளவு, ஒவ்வொரு ஏற்றத்திலும் கொஞ்சம் கிழக்கே, கடல் பக்கமாக. கைப்பிடிச்சுவரில் முட்டி ஒரு மூலை உடைந்து விழுந்ததும் தஸ்நேவிஸ் துறைமுகக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து தண்ணீர்த் தொட்டித் தூணில் கட்டினார். ஒரு கயிறு தேய்ந்தது, இன்னொன்று கட்டினார், அது தேய்ந்தது, இரண்டாகக் கட்டினார். ஏற்றம் வரும்போதெல்லாம் கயிறு விறைத்து முனகுவது தெருவின் கடைசி வீடுவரை கேட்டது, ஜனங்கள் அதற்கும் பழகி, அந்தச் சத்தத்தை வைத்துப் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பினார்கள். தஸ்நேவிஸுக்கு மட்டும் பழகவில்லை. அவர் தங்கச்சியைப் பார்த்தார். அவள் வடகம் காயப்போட வருகிற சாக்கில் கயிற்றை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் செலஸ்தீனா பட்டுச்சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து, மாடி ஏறினாள். அத்தனை நாளில் அவள் பாருக்குள் ஏறியதில்லை. கப்பல்காரர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. ஓரமாகக் கயிறு மாற்றிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்துவிட்டு, ஏணியில் கால் வைத்து உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தாள். கஸ்பார் திரும்பினார். திரும்பியவர் முகம் முழுக்கச் சிரித்தார், அப்படி ஒரு சிரிப்பு, அறிமுகமில்லாத ஆளையும் உயிர்ச் சிநேகிதனாக ஆக்கிவிடுகிற சிரிப்பு, "குட் ஈவினிங் மேடம், வெல்கம்" என்றார், காகிதக் குடை வைத்த தம்ளரை இரண்டு கையாலும் அவள் முன்னால் வைத்தார், வைத்துவிட்டு, "எந்த கேபின் மேடம்?" என்று கேட்டார்.

அவள் முதலில் கேலி என்று நினைத்துச் சிரித்தாள். அவர் பதிலுக்குக் காத்திருந்தார். அவர் கண்ணில் கேலி இல்லை. அவள் தம்ளரைக் கடைசிவரை குடித்து முடித்தாள், நன்றாயிருக்கிறது என்று சொன்னாள், இறங்கி வந்து தொட்டி மறைவில் அண்ணன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

"அண்ணே, அப்படி ஒரு சிரிப்ப எங்க கல்யாண ஃபோட்டோவுலகூட நான் பாத்ததில்ல" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. "எனக்குத்தான் சிரிச்சாவ. ஆனா நான் யாருன்னு அவியளுக்குத் தெரியல."

"கெறக்கமா இருந்திருப்பாரு பிள்ள."

"கீழ வந்தா என்னத் தெரியும். 'செலின், தண்ணி கொண்டா'ன்னு மெதுவா கேப்பாவ. கீழ என்னத் தெரியுத ஆளுக்குச் சிரிக்கத் தெரியல, மேல சிரிக்குத ஆளுக்கு என்னத் தெரியல. கயித்த அறுத்துவிட்டா போயிருவாவ, கட்டி வச்சிருக்கோம், அப்பவும் போயிட்டுத்தான் இருக்காவ." அவள் அழவில்லை, அண்ணனுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஆட்டத்த நிறுத்துண்ணே. ஏதாவது செய்யி."

தஸ்நேவிஸ் யோசித்தார். உடைக்க மனசு வரவில்லை, தன் கையால் கட்டியது. உடைத்தால் மாப்பிள்ளை மறுநாளே ஏஜெண்ட் வாசலில் நிற்பார் என்றும் தெரியும். ஓட்டை போட்டுவிட்டால் மிதக்காது என்று அவருக்குத் தோன்றியது. ஓட்டைத் தோணி எழும்பாது, தரையிலேயே கிடக்கும், மேசை மேசையாக இருக்கும், கூரை கூரையாக இருக்கும், மாப்பிள்ளை ஆடாத பாரில் நின்று மெல்ல மெல்லக் கரைக்குப் பழகிக்கொள்வார். ஒரு தோணியைக்கூட ஒழுக விட்டறியாத ஓடாவி அவர், கரையைத் தாண்டிக் கடலுக்குள் போயறியாதவரும்கூட, ஏறினால் தலை சுற்றும் என்று கட்டிய தோணிகளை எல்லாம் கரையில் நின்றே அனுப்பிவைத்தவர். ஓட்டை விழுந்த தோணி என்ன செய்யும் என்று கடலுக்குப் போகிற எந்தப் பொடியனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். அவர் யாரையும் கேட்கவில்லை, கேட்டால் எதற்கு என்று திருப்பிக் கேட்பார்கள்.

பௌர்ணமியன்று மத்தியானம், வற்றத்தில் பார் தரை தட்டிக் கிடந்த நேரம், கஸ்பார் கீழே படுத்திருந்தபோது, தஸ்நேவிஸ் டிரில்லிங் மெஷினோடு உள்ளே இறங்கி, பாட்டில் தட்டுக்குக் கீழே, யார் கண்ணிலும் படாத மூலையில், ஏராவை ஒட்டிப் பெருவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டார். மரத்தூளை ஊதிவிட்டார். ஓட்டை வழியாக மாடியின் சிமெண்டுத் தரை தெரிந்தது. நல்ல காரியம் செய்கிறவன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளாதே என்று ஒரு எண்ணம் வந்தது, அதைத் தூரப் போட்டுவிட்டு மெஷினைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு இறங்கினார்.

சாயங்காலம் ஏற்றம் வந்தது. பௌர்ணமி ஏற்றம். தஸ்நேவிஸ் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், பார் எழும்பியது, எப்போதையும்விட லேசாக எழும்பியது, முழங்காலைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, தொட்டி உயரத்துக்கு ஏறி, கயிற்றைக் கடைசி அங்குலம்வரை இழுத்துக்கொண்டு நின்றது, தலையணைகளில் கன்னம் புதைத்துக் கப்பல்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டைத் தோணியும் முதலில் எழும்பத்தான் செய்யும். எழும்பி, ஆழத்துக்கு வந்த பிறகுதான் தண்ணீர் குடிக்க ஆரம்பிக்கும்.

முதலில் இஞ்சின் ரூம்காரர் கால் நனைந்து விழித்தார். தெருவில் இருந்தவர்களுக்குத் தண்ணீர் தெரியவில்லை, அவர் வேட்டி நனைந்து காலில் ஒட்டியது மட்டும் தெரிந்தது. கஸ்பார் பதறவில்லை. கப்பலில் வருஷா வருஷம் இதற்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவராகத் தட்டி எழுப்பி, கையைப் பிடித்து, தொட்டி ஏணிக்குக் கடத்திவிட்டார், தலையணைகளையும் எடுத்துக் கொடுத்தார். மாடியில் செலஸ்தீனா நின்று கத்தினாள்.

"ஏங்க, போதும், நீங்க எறங்குங்க! கையக் குடுங்க!"

கஸ்பார் அவளைப் பார்த்து அந்தச் சிரிப்பைச் சிரித்தார். "லேடீஸ் ஃபர்ஸ்ட் மேடம்" என்றார், "நீங்க போங்க, நான் பின்னால வாறேன்." அப்போது கயிறு அறுந்தது.

பார் கைப்பிடிச்சுவரைத் தாண்டித் தெருவுக்கு மேலே வந்து, ஒரு பக்கம் சாய்ந்து, அமைதியாக அமிழ்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நங்கூரத் தெருவில் எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் காய்ந்த தரையில் நின்று, மூச்சு விட்டுக்கொண்டு, பார்த்தார்கள். கஸ்பார் இடுப்பளவு நனைந்தார், கழுத்தளவு நனைந்தார், ஓலைக்கூரை அவர் தலைக்கு மேல் கவிழ்ந்தது, அவருடைய வெள்ளைச் சட்டை ஊதிப் பெருத்தது, நரைத்த முடி மேல்நோக்கி எழுந்து அலைந்தது, வாயிலிருந்து குமிழிகள் கிளம்பி மாடிகளுக்கு மேலே போய் உடைந்தன. தட்டில் இருந்த காகிதக் குடைகள் ஒவ்வொன்றாக விடுபட்டு மேலே ஏறி, ஆகாசத்தில் ஓர் இடத்தில் நின்று மிதந்தன, அதுதான் தண்ணீர் மட்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. முத்துக் குளித்த பரம்பரையில் வந்த பெலிக்ஸ், தெருவிலேயே பெரிய நீச்சல்காரன், மாடியிலிருந்து தலைகீழாகப் பாய்ந்தான். அவனுக்குத் தண்ணீர் இல்லை. தெருவில் விழுந்து தோள்பட்டை உடைந்தது. கூரை ஓலையில் சிக்கிய கஸ்பார் கையையும் காலையும் உதைத்துக்கொண்டு இரண்டு ஆள் உயரத்தில் இறங்கிவந்தார், கீழே ஜனங்கள் கழிகளை நீட்டினார்கள், கயிறு எறிந்தார்கள், எறிந்த கயிறு அவரைத் தொட்டுவிட்டுத் தெருவில் விழுந்தது, நேராக அவருக்குக் கீழே நின்ற தஸ்நேவிஸ் இரண்டு கையையும் தூக்கி, "வந்துரும் மாப்ள, இன்னும் கொஞ்சந்தான், வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கால் உதைப்பு நின்ற பிறகுதான் கஸ்பார் அவர் கைக்கு எட்டினார்.

டாக்டர் வந்து பார்த்தார். நெஞ்சை அமுக்கியதும் வாயிலிருந்து உப்புத் தண்ணீர் வந்தது. எங்கே முங்கினார் என்று டாக்டர் கேட்கவில்லை, கடலில் என்று அவராகவே எழுதிக்கொண்டார். கோயிலில் கடல் சாவுக்கு அடிக்கிற மணியை அடித்தார்கள், யாரும் வலைக்குப் போகவில்லை, பெலிக்ஸ் ஒற்றைக் கையோடு வந்து பந்தல் போட உதவினான். கப்பல்காரர்கள் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள், இனிமேல் அவர்களுக்குத் தூக்கம் கிடையாது என்று அவர்களுக்கும் தெரிந்தது, அவர்களுடைய பெண்சாதிகளுக்கும் தெரிந்தது. வந்த பெண்கள் எல்லோரும் செலஸ்தீனாவிடம் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள், கடலில் போன எத்தனையோ பேருக்கு உடம்புகூடக் கிடைக்கவில்லை, உனக்கு வீட்டு வாசலிலேயே கிடைத்தது என்று. அவள் ஒவ்வொருத்திக்கும் தலையாட்டினாள்.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, மேசையில் கிடத்தியிருந்த உடம்பைத் துடைக்க அண்ணனை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். எவ்வளவு துடைத்தாலும் ஈரம் வற்றவில்லை, சட்டையைக் கழற்றிய பிறகும் தோலிலிருந்து உப்புத் தண்ணீர் கசிந்து மேசை விளிம்பில் சொட்டியது. தஸ்நேவிஸால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"பிள்ள, கயிறு அறுந்ததுனால இல்ல. நான்தான் ஓட்ட போட்டேன். எழும்பாதுன்னு நெனச்சேன். மாதா மேல சத்தியமா, எழும்பாதுன்னுதான் நெனச்சேன்."

செலஸ்தீனா துண்டை வாளியில் பிழிந்தாள்.

"தெரியும்ணே" என்றாள். "நீ மேல மெஷினப் போட்டப்போ அவிய அந்தக் கட்டில்ல கண்ண மூடிக் கெடந்தாவ. சத்தத்துக்கு முழிச்சு மேல வந்துருவாவளோன்னு அடுக்களையில மிக்ஸியப் போட்டுவிட்டேன். உள்ள ஒண்ணும் போடல. நீ நிறுத்துற வரைக்கும் வெறும் மிக்ஸி ஓடுச்சு."

தஸ்நேவிஸ் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து அவள் கையைப் பார்த்தார். அது புருஷனின் காதுமடலைத் துடைத்துக்கொண்டிருந்தது, காதுக்குள்ளிருந்து ஒரு கோடு தண்ணீர் இறங்கித் தலையணையில் ஊறியது.

"அந்தத் தோளத் தூக்கிப் பிடி" என்றாள் அவள். "முதுகு இன்னும் துடைக்கல."

அவர் தூக்கிப் பிடித்தார்.